இன்னும் வெளிவராத கார்

கார்த்திகேசுவும் அமுதவள்ளியும் கல்யாண வீடுகளுக்குத் தனித்தனியாகத்தான் வந்து சேருவார்கள். அவர் காரில் வருவார், பரிசுப் பொட்டலத்தைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு. அவள் பட்டுச்சேலையோடு ரயிலில் வந்து, ஸ்டேஷனிலிருந்து குடை பிடித்து நடந்து, மண்டப வாசலில் அவரோடு சேர்ந்துகொள்வாள். ஆரம்பத்தில் சொந்தக்காரர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று காதைக் கடித்துக்கொண்டார்கள். சுங்கை பூலோவில் இருந்த ஒரு பெரியப்பா சமாதானம் செய்து வைக்க வீட்டுக்கே வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் அசடு வழியத் திரும்பிப் போனார்.

விஷயம் இதுதான். அமுதவள்ளிக்குக் கார் ஆகாது. வேனும் ஆகாது, பஸ்ஸும் ஆகாது. முதல் வளைவு திரும்புவதற்குள் நாக்கடியில் எச்சில் ஊறும், நெற்றி வியர்க்கும். அடுத்த வளைவுக்குள் கையில் பை இருந்தாக வேண்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்து பார்த்தாள். இஞ்சி மென்றாள். புளிப்பான அசாம் பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டாள். கோடாலித் தைலத்தைத் தடவித் தடவிக் கழுத்துத் தோல் கறுத்ததுதான் மிச்சம். மாத்திரை போட்டால் நன்றாகத் தூக்கம் வரும். தூக்கத்தோடு தூக்கமாக வாந்தியும் வரும்.

முப்பது வருடக் குடித்தனத்தையே அதற்கு ஏற்றபடி அமைத்துக்கொண்டார்கள் என்றால் நம்ப வேண்டும். வீடு பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில். அவள் வேலை செய்த பல் கிளினிக் அதே வரிசையில், நாலு கடை தள்ளி. தண்டவாளம் போகிற ஊருக்கெல்லாம் அவளும் போவாள். பத்துமலைக்குக் கொமியூட்டர் ரயில், ஈப்போவுக்கு இ.டி.எஸ். தண்டவாளம் போகாத ஊர் அவளைப் பொறுத்தவரை உலகத்தில் இல்லாத ஊர்.

ஒரே மகள் புனிதாவுக்குத்தான் இந்த ஏற்பாடு பிடிபடவில்லை. ஆசிரியர் வேலை கிடைத்துக் கேமரன் மலைக்குப் போனவள், அங்கேயே காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு பையனைப் பிடித்துப்போய், பிரிஞ்சாங்கில் குடியேறிவிட்டாள். ரயில் அந்த மலையின் காலடியோடு நின்றுவிடும். கல்யாணம் முடிந்து பெண்ணைக் கொண்டுபோய் விட்டபோது அமுதவள்ளி மலையடிவாரத் தாப்பாவிலிருந்து மேலே போய்ச் சேருவதற்குள் பதினோரு தடவை வாந்தி எடுத்தாள். சம்பந்தி வீட்டில் ஆரத்தி எடுக்கக் காத்திருந்தவர்கள் முன்னால் நிற்க முடியாமல், நேரே படுக்கைக்குத் தூக்கிப் போகப்பட்டாள். அந்த வெட்கம் இன்னும் அவளை விட்டுப் போகவில்லை. நான்கு வருடமாக மகள்தான் கீழே இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.

இப்போது புனிதாவுக்கு ஆறு மாதம். நவம்பர் கடைசியில் பிரசவம். இரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்குகிறது, நீண்ட பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, தாய் வீட்டுக்கு வந்து பிள்ளை பெறுகிற பேச்சுக்கே இடமில்லை. போனில் மகள் நிதானமாகத்தான் சொன்னாள். "நீ சிரமப்பட வேணாம்மா. அத்தை இருக்காங்க, அவங்க எல்லாம் பாத்துக்குவாங்க."

அத்தை என்றால் மாமியார். நல்ல மனுஷிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் போனை வைத்த பிறகு அமுதவள்ளி கிளினிக் கவுண்டரில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் தப்புத் தப்பாக நம்பர் கொடுத்தாள். மகளுக்கு இடுப்பு வலி வரும்போது தலையைக் கோதிவிட இன்னொருத்தி இருப்பாள் என்பதை அவளால் ஏற்கவே முடியவில்லை.

இங்கேதான் கார்த்திகேசுவின் தத்துவத்தைச் சொல்ல வேண்டும்.

கார்த்திகேசு லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பத்திரண்டு வருடமாகக் கோலாலம்பூரின் உயரமான கட்டடங்களில் மோட்டாரும் கயிறுமாக வாழ்ந்தவர். மின்சாரத்தின் மேல் அவருக்கு ஒரு பக்தியே உண்டு. மனைவி எதில் போனால் வாந்தி எடுக்கிறாள், எதில் போனால் எடுப்பதில்லை என்று அவர் பல வருடம் கவனித்துவந்தார். கொமியூட்டரில் இல்லை. எல்.ஆர்.டி.யில் இல்லை. மோனோரயிலில் இல்லை. லிப்டில் அறுபது மாடி ஏறினாலும் இல்லை. காரில், பஸ்ஸில், லோரியில் மட்டும் உண்டு. முடிவு கண்ணுக்கு முன்னால் இருந்தது. மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் அமுதவள்ளியின் வயிற்றைப் புரட்டுவதில்லை; எண்ணெயில் ஓடுவதுதான் புரட்டுகிறது. பெட்ரோல் வாடை, எஞ்சின் அதிர்வு, இரண்டும்தான் குற்றவாளிகள். இதை அவர் கண்டுபிடித்தபோது நாட்டில் மின்சாரக் கார் ஒன்றுகூட ஓடவில்லை. வந்த பிறகும் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்.

இந்த வருடம் ஒன்று வரப்போவதாகச் செய்தி வந்தது. பெயரைச் சொன்னால் நானும் விளம்பரம் செய்தவனாகிவிடுவேன், வேண்டாம். சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இருக்கும் என்றார்கள், ஆனால் விலையைச் சொல்லவில்லை. படம் காட்டினார்கள், உள்ளே காட்டவில்லை. அதற்குள் கார்த்திகேசு அந்தக் காரின் எடை, பேட்டரியின் கொள்ளளவு, மோட்டாரின் சுற்று வேகம் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டார். கழிவறையில் இருந்துகூட யாரோ ஒருவர் அதைப் பற்றி வீடியோவில் பேசுகிற சத்தம் வரும். வெளிவருவதற்கு முன்பே பதிவு செய்கிறவர்களுக்கு அக்டோபர் கடைசியில் கார் கைக்கு வரும். காத்திருந்து வாங்குகிறவர்களுக்கு அடுத்த வருடம்தான்.

அக்டோபர் கடைசி என்றால் பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னால். அடுத்த வருடம் என்றால் பேரப்பிள்ளை தவழத் தொடங்கியிருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அமுதவள்ளிக்கு அதுதான் எல்லாம்.

இருந்தும் அவள் தயங்கினாள். யாரும் உட்கார்ந்து பார்க்காத காருக்குப் பெயர் கொடுப்பதா? "ஒரு சேலைய நான் பிரிச்சுப் பாக்காம வாங்க மாட்டேன். உங்களுக்கு எப்படிங்க இவ்ளோ நம்பிக்கை?" என்று கேட்டாள். அவர் மறுபடியும் லிப்டில் ஆரம்பித்து மோனோரயில்வரை வந்தார். அவளுக்கும் நம்ப ஆசைதான். ஆசை அதிகமாக இருந்ததால்தான் பயமும் அதிகமாக இருந்தது. அதுவும் பொய்த்துவிட்டால் பிறகு எதை நம்பிக் காத்திருப்பது?

ஆகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் காரைப் பொதுமக்களுக்குக் காட்டக் கிள்ளானில் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் பெரிய கார் நிறுத்துமிடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆரஞ்சு நிறக் கூம்புகளை வரிசையாக வைத்துப் பாதை போட்டு, உள்ளேயே ஏற்றிச் சுற்றிக் காட்டுவார்கள். விருப்பம் உள்ளவர்கள் மாலை ஐந்து மணிக்குள் அங்கேயே முதல் பட்டியலில் பெயர் கொடுக்கலாம்.

வழக்கம்போல அவர் தங்கள் பழைய மைவி காரில் போனார், அவள் ரயிலில் போனாள். தெங்கு கெலானா சாலையில் பூக்கடைகளையும் பலகாரக் கடைகளையும் கடந்து நடக்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. இவள் எதையும் கவனிக்கவில்லை. முருகா, இது ஒன்று மட்டும் பலித்துவிடட்டும் என்று நடை முழுக்க வேண்டிக்கொண்டே போனாள்.

அங்கே கார்த்திகேசு அந்தக் காரின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். சன்னிதியில் நிற்கிற மாதிரி நின்றார் என்று சொன்னால் மிகையில்லை. சாம்பல் கலந்த பச்சை நிறம். முன்பக்கத்தில் காற்று போகிற ஓட்டையே இல்லாமல் வழவழவென்று இருந்தது. விற்பனைப் பிரதிநிதி ஒருவர் பானட்டைத் திறந்து காட்டினார். உள்ளே எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பைகள் வைக்கிற அளவுக்கு ஒரு காலிப் பெட்டி. கூட்டமே எட்டிப் பார்த்தது. "சாமி கும்பிடுறப்ப எங்கதான் பொட்டு வைக்கிறது?" என்று ஒரு அம்மா கேட்டார். பிரதிநிதி பானட்டை மூடிவிட்டார்.

அந்தப் பிரதிநிதியின் பெயர் கிஷன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். சட்டையில் பெயர் குத்தியிருந்தது. காலையிலிருந்து சுற்றிச் சுற்றி ஓட்டிக் களைத்திருந்தாலும் பணிவாகப் பேசினார். கார்த்திகேசு பின்னால் ஏறினார். அமுதவள்ளியை முன்னால், ஓட்டுபவருக்குப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பெட்ரோல் வாடை இல்லை. புதுத் தோலும் குளிர்ந்த காற்றும்தான். கிஷன் ஒரு பட்டனை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை என்று அவள் நினைத்தாள். ஜன்னலுக்கு வெளியே கூம்புகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு பெரிய இரும்பு ஒரு முனகலும் இல்லாமல் நகர்கிறது. சக்கரம் தரையில் உருளுகிற மெல்லிய சத்தம் காதில் கேட்கிறது. கண்ணாடியில் கணவரைப் பார்த்தாள். அவர் கண் கலங்கி இருந்தது. இத்தனை வருடமாகச் சொல்லிவந்தது கண்முன்னால் ஓடினால் யாருக்குத்தான் கலங்காது?

முதல் சுற்று நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது சுற்றில் கிஷன் வளைவுக்கு முன்னால் பெடலிலிருந்து காலை எடுத்தார். பிரேக்கைத் தொடாமலேயே கார் தானாக இழுத்துப் பிடித்துக்கொண்டது. மறுபடி அழுத்தினார், முன்னால் பாய்ந்தது. எடுத்தார், பிடித்தது. அமுதவள்ளியின் நாக்கடியில் எச்சில் ஊறியது. இல்லை, இது வெயிலால் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். நெற்றி வியர்த்தது. மூன்றாவது வளைவில் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள். கதவைத் திறந்து, ஆரஞ்சுக் கூம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க வாந்தி எடுத்தாள்.

கார்த்திகேசு இறங்கி ஓடிவந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். மனிதர் முகத்தைப் பார்த்தபோது அவளுக்குத் தன் வயிற்றைவிட அவருக்காகத்தான் அதிகம் வலித்தது. கொமியூட்டர், எல்.ஆர்.டி., அறுபது மாடி லிப்ட் எல்லாம் ஒரே நிமிடத்தில் இடிந்து விழுந்திருந்தன. அவரைக் காட்டிலும் பெரிய இழப்பு தனக்கு என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. நவம்பரில் மகள் தலைமாட்டில் அவள் இருக்கப்போவதில்லை. பாதையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதாள்.

கிஷன் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு இது புதிதல்ல போலும், பதற்றமே இல்லை. "இந்த மாதிரி கார்ல நிறைய பேருக்கு வரும் ஆன்டி, கால எடுத்தாலே பிரேக் பிடிக்குது இல்லயா, உடம்பு அத எதிர்பாக்காது," என்று விளக்கினார். பிறகு போகிற போக்கில் சொன்னார். "ஓட்டுறவங்களுக்கு மட்டும் வராது லா. என் வைஃபுக்கும் அப்படித்தான், அவங்களே ஓட்டுனா ஒன்னும் ஆகாது. ஆன்டிக்கு லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கு," என்றார் கார்த்திகேசு உடனே. "ஒரு வருஷம் விடாம ரினியூ பண்ணிருக்கேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்கு முன்னால் அமுதவள்ளி சுங்கை வேயில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்தாள். கூட வேலை செய்த ஐந்து பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து கார் பழகி, ஐந்து பேரும் லைசென்ஸ் எடுத்தார்கள். இவள் முதல் தடவையிலேயே தேறினாள். அப்புறம் கல்யாணம். கார் ஓட்டுவது கார்த்திகேசுவின் வேலை, பக்கத்தில் உட்காருவது இவள் வேலை என்று யாரும் சொல்லாமலேயே முடிவாகிவிட்டது. ஆனாலும் இருக்கிற லைசென்ஸைச் சாகவிடக்கூடாது என்று அவர் ஒவ்வொரு வருடமும் தன்னுடையதோடு சேர்த்து அவளுடையதையும் தபால் நிலையத்தில் புதுப்பித்துக்கொண்டு வருவார். இப்போது கைப்பேசியிலேயே புதுப்பிக்கிறார். நம் வீடுகளில் எத்தனையோ பெண்களின் கைப்பையில் இப்படி ஒரு கசங்காத லைசென்ஸ் உறங்குகிறது. காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறவள் காரை எப்படி ஓட்டுவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்தாள். பழகிய நாட்களில் எப்படி இருந்தது என்பது இத்தனை வருடத்தில் மறந்தே போயிருந்தது.

மாட்டேன் என்றாள். முப்பது வருடமாயிற்று, எந்தப் பெடல் எது என்றே மறந்துவிட்டது என்றாள். இருக்கிறதே இரண்டுதான், ஒன்று போக, ஒன்று நிற்க என்றார் கிஷன். மணி நாலு ஆகியிருந்தது. பட்டியல் மூடுவதற்கு ஒரு மணி நேரம். அவள் கைப்பேசியை எடுத்துக் கிஷனிடம் லைசென்ஸைக் காட்டினாள். மகளுக்காக என்று எண்ணிக்கொண்டுதான் வலதுபக்கக் கதவைத் திறந்தாள்.

கிஷன் பக்கத்தில், கார்த்திகேசு பின்னால். அவள் காலை வைத்தாள். வைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, செருப்பு பெடலைத் தொட்டது. கார் அசைந்தது.

அந்த முதல் நொடியைப் பற்றி அவள் பிறகு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள், யாருக்கும் சரியாகப் புரியவைக்க முடியவில்லை. தரை தன் காலுக்குப் பணிந்து தன்னை நோக்கி வந்தது என்றாள். கையை ஒரு விரற்கடை திருப்பினால் உலகமே ஒரு விரற்கடை திரும்பியது என்றாள். வளைவு வருவது அவளுக்கு முன்கூட்டியே தெரிந்தது. காலை எடுத்தால் வண்டி பிடிக்கும் என்பதும் தெரிந்தது, ஏனென்றால் எடுப்பதே அவள்தான். முதல் சுற்றில் நத்தையே முந்திவிடும். இரண்டாவதில் கிஷன் கைப்பிடியை விட்டார். மூன்றாவது சுற்றில் தான் வாந்தி எடுத்த கூம்பைக் கடந்தாள். நாக்கு காய்ந்திருந்தது, நெற்றி காய்ந்திருந்தது, வயிறு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. நாலாவது சுற்றில் தன்னையறியாமல் சிரித்துவிட்டாள். கடவுளே, இது என் கை, இது என் கால் என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தவில்லை. ஒன்பது சுற்று.

இறங்கியதும் கார்த்திகேசு அவள் முகத்தை, கண்ணை, நெற்றியை எல்லாம் ஒரு டாக்டரைப் போலப் பார்த்தார். பிறகு அவளைக் கட்டிப்பிடித்தார். கிள்ளானில், பட்டப்பகலில், அத்தனை பேர் நடுவில். அப்படிச் செய்கிறவர் அல்ல அவர்.

பதிவு மேசைக்குப் போனார்கள். பெயர், அடையாள அட்டை எண், நிறம் எல்லாம் கேட்ட பிறகு கடைசியாகத் திரையில் உறுதி செய்கிற பட்டன் ஒன்று வந்தது. கார்த்திகேசு விரலை அதன்மேல் கொண்டுபோனார். அங்கேயே நின்றுவிட்டார்.

லிப்ட் பழுது பார்க்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. கோளாறு தெரியாதபோது ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றி லிப்ட் ஓடினால், எது கெட்டிருந்தது என்று கடைசிவரை தெரியாது. தன் கீழே வேலை செய்தவர்களை இதற்காக அவர் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். இப்போது அதே முறை அவர் விரலைப் பிடித்து இழுத்தது.

"வள்ளி," என்றார் மெதுவாக. "காரையும் மாத்திட்டோம், சீட்டையும் மாத்திட்டோம். எது வேலை செஞ்சதுன்னு தெரியலயே."

அவளுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. அவருக்கு முன்பே புரிந்துவிட்டது, விடையும் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது. இரண்டு வாரமாகக் கனவில்கூடப் பச்சைக் காரை ஓட்டிக்கொண்டிருந்த மனுஷன், பாக்கெட்டிலிருந்து பழைய மைவியின் சாவியை எடுத்து அவள் கையில் வைத்தார். எடுக்காமலேயே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. இதற்குத்தான் அமுதவள்ளி அவரை அன்றைக்குப் புதிதாகக் காதலித்தாள் என்று நான் சொன்னால், ஐம்பத்தெட்டு வயதில் என்ன காதல் என்று யாரும் சிரிக்க வேண்டாம்.

கார் நிறுத்துமிடத்தின் காலியான மூலையில் அவள் மைவியில் ஏறினாள். எஞ்சின் உறுமியது. சீட்டு அதிர்ந்தது. பெட்ரோல் வாடையும், பழைய ரப்பர் வாடையும், முப்பது வருடமாக அவளைத் துரத்திய அத்தனையும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. ஆட்டோ கியர், அதனால் பயமில்லை. ஐந்து சுற்று சுற்றினாள். பிறகு வேண்டுமென்றே இடமும் வலமுமாக வளைத்து வளைத்து ஓட்டினாள். கார்த்திகேசு நடுவில் வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணாடியை இறக்கி, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினாள்.

"சீட்டுதான்," என்றார் அவர்.

மணி ஐந்தாக ஐந்து நிமிடம் இருந்தது. அவளுக்கு மனம் கேட்கவில்லை. உங்களுக்காகவாவது பதிந்துவிடலாமே என்றாள். அவர் தூரத்தில் நின்ற பச்சைக் காரை ஒரு தடவை பார்த்தார். நல்லா ஓடுகிற சாமானை மாற்றுவது தன் தொழிலுக்கு அழகில்லை என்றும், அந்தக் கார் எங்கேயும் ஓடிப்போகாது, வெளிவந்த பிறகு விலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். மேசைக்குப் போய்க் கிஷனிடம் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கிஷன் கோபப்படவில்லை. ஒரு கார் போயிற்று என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தாலும், ஆன்டி கேமரன் போய்ச் சேர்ந்ததும் ஒரு மெசேஜ் போடச் சொன்னார்.

அன்று அவள் ரயிலில்தான் வீடு திரும்பினாள். முதல் நாளே பெடரல் ஹைவேயில் இறங்குகிற அளவுக்குப் புத்தி கெட்டுவிடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது முதலில் கோபம் வந்தது. முப்பது வருடம் பிளாஸ்டிக் பையில் முகத்தைப் புதைத்திருக்கிறாள். எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எத்தனை ஊர். எல்லாவற்றுக்கும் ஒன்றரை அடி வலதுபக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும். யாரைக் குறை சொல்வது? அவரையா, தன்னையா? சுபாங் ஜெயா வருவதற்குள் கோபம் அடங்கிவிட்டது. அதன் இடத்தில் அந்தப் பெடலின் நினைவு வந்து உட்கார்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் காலையில் பிரிக்பீல்ட்ஸ் தெருக்கள். அடுத்து வாரநாட்களில் வேலை முடிந்து பங்சார் வரை. அடுத்து கிள்ளான், ரவாங். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள், அவள் திரும்பித் திட்டக் கற்றுக்கொண்டாள். புனிதாவுக்கு எதுவும் சொல்லவில்லை. முடியாமல் போனால் அவளும் ஏமாற வேண்டாம் என்பதுதான் காரணம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று மட்டும் கார்த்திகேசு போனில் சொன்னார். மகள் வேண்டாம் வேண்டாம் என்று பதறினாள்.

அக்டோபர் மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, தாப்பாவில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, அமுதவள்ளி மலைப்பாதையில் காரை ஏற்றினாள்.

வளைவுக்குப் பின் வளைவு. ஒவ்வொன்றும் வருவதற்கு முன்பே அவள் கைக்குத் தெரிந்தது. காய்கறி லோரிகள் முட்டுவதுபோல இறங்கி வந்தன, ஒதுங்கி வழிவிட்டாள். பாதையோரத்தில் மூங்கில் கடைகளில் நீள நீளமான பெத்தாய்க் காய்கள் கட்டுக்கட்டாகத் தொங்கின. மேலே ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. ஒரு திருப்பத்தில் மரங்கள் சட்டென்று விலகின. எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் தேயிலை, பச்சைக்கு மேல் பச்சையாக மடிந்து மடிந்து கிடக்க, அதன்மேல் பனி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் காரை ஓரங்கட்டிவிட்டாள். மூச்சுவிட மறந்துபோய்ப் பார்த்தாள். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே வழியாகத்தான் வந்திருக்கிறாள். இது இங்கேயேதான் இருந்திருக்கிறது. யாரும் தனக்குச் சொல்லவே இல்லையே என்று தோன்றியது. சொன்னார்கள், அவளால்தான் தலையைத் தூக்க முடியவில்லை.

"பாருங்க, பாருங்க," என்று கணவரை உலுக்கினாள்.

கார்த்திகேசு ஜன்னல் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார். ரிங்லெட் தாண்டியதிலிருந்தே அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இடதுபக்கச் சீட்டில் மலை ஏறியதே இல்லை.

பிரிஞ்சாங்கில் வீட்டு வாசலில் மைவி நின்றது. ஹாரன் சத்தம் கேட்டதும் புனிதா வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் தோளில் ஈரத்துண்டுமாக வந்தாள். அம்மாவை எப்படிப் பிடித்து இறக்குவது என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். நேரே இடதுபக்கக் கதவுக்குப் போய்த் திறந்தாள். உள்ளே அப்பா, முகம் வெளிறி, கண்ணை மூடி, மடியில் பிளாஸ்டிக் பையோடு உட்கார்ந்திருந்தார்.

புனிதா ஒன்றும் புரியாமல் நிமிர்ந்தாள். காரின் மறுபக்கம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். நேராக, வியர்க்காமல், விரலில் சாவியோடு. மகளின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

அமுதவள்ளி காரைச் சுற்றி வந்து, மகளின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தாள். உள்ளே ஒரு உதை விழுந்தது.

"அந்தத் தண்ணிய அப்பாகிட்ட குடு," என்றாள். "எனக்குப் பசிக்குது. என்ன சமைச்சிருக்க?"